மூச்சுக்கு விலை குறித்தோர்

தனியார் இலாபம் இல்லையேல் புதிய மருந்தும் இல்லை என்னும் கூற்று இக்காலத்தில் வேதவாக்குப் போல ஓதப்படுகின்றது. கற்றறிந்தோர் வாயிலிருந்தும் இதனைக் கேட்கின்றோம். குறைமாதக் குழந்தையின் சுவாசப்பைக்கு மருந்து கண்ட வரலாற்றை அக்கூற்றின் முன் நிறுத்திப் பார்ப்போம்.

சுவாசப்பையின் சிற்றறைகள் உள்ளே ஈரப்படை கொண்டவை. அவ்வீரத்தின் மேற்பரப்பிழுவை அவற்றைச் சுருக்கி மூடிவிட முனையும். அதனைத் தணிப்பதற்கென ஒரு கொழுப்புப் பொருள் அங்கேயே சுரக்கின்றது. நீரிற் சவர்க்காரம் செய்யும் தொழிலையே அதுவும் செய்கின்றது. காலத்திற்கு முன் பிறந்த குழந்தையிடம் அப்பொருள் போதிய அளவு இராது. ஒவ்வொரு மூச்சையும் முதன் மூச்சைப் போலவே போராடி இழுத்து, சில மணி நேரத்தில் அது களைத்துவிடும்.

1929இல் சுவிற்சலாந்தில் கூர்ட் பொன் நேர்காட் என்பார், சுவாசப்பையைச் சுருக்கும் விசையிற் பெரும்பகுதி மேற்பரப்பிழுவையே எனக் காட்டினார். கால் நூற்றாண்டாக அதை எவரும் பொருட்படுத்தவில்லை. பின்னர் அவ்வழியிற் சென்றோர் யாவர்? 1955இல் இங்கிலாந்தின் போட்டன் டவுனிலிருந்த றிச்சட் பற்றில். 1957இல் ஐக்கிய அமெரிக்க இராணுவத்தின் இரசாயன நிலையத்திலிருந்த ஜோன் கிளமன்ற்ஸ். நச்சுவாயுப் போருக்கென அரசுகள் கட்டிய கூடங்கள் அவை! கொலைத்தொழிலின் பட்டறையில் உயிர்காக்கும் உண்மை அகப்பட்டமை விந்தைதான். ஆயின் அங்கே செலவானது பொதுப்பணம் என்பதையே நாம் வற்புறுத்துகின்றோம். 1959இல் பொஸ்ரனில் மேரி எலன் ஏவரியும் ஜெரே மீட் என்பாரும், மடிந்த குறைமாதக் குழந்தைகளின் சுவாசப்பைகளில் அப்பொருள் குறைந்திருந்தமையை நிறுவினர்.

1963 ஆகஸ்டில் ஜனாதிபதி கெனடியின் மகன் பற்றிக், ஐந்தரை வாரம் முந்திப் பிறந்து, 39 மணி நேரமே வாழ்ந்து அந்நோயால் இறந்தான். வெள்ளை மாளிகையாலும் வாங்க முடியாத மருந்து அது. ஏனெனில் அன்று அது உலகிலேயே இல்லை. அக்காலத்தில் நுண்துளிகளாக முகர்வித்த செயற்கைப் பொருள் பயன் தரவில்லை. 1980இல் யப்பானில் தெற்சுரோ புஜிவாரா, மாட்டின் சுவாசப்பையிலிருந்து ஆக்கிய மருந்தைப் பத்துக் குழந்தைகளின் மூச்சுக்குழாயினுட் செலுத்தி வெற்றி கண்டார். சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் றொபேட்சனும் கேஸ்ரெற்றும் பன்றியின் சுவாசப்பையிலிருந்து இன்னொன்றை ஆக்கினர். மூலப்பொருள் யாது? இறைச்சிக்கூடத்தின் கழிவு!

கம்பனிகள் ஒன்றுமே செய்யவில்லை என நாம் சொல்லோம். பெருந்தொகையாக உற்பத்தி செய்தன. பரிசோதனைகளுக்குப் பணமும் இட்டன. ஆனால் 1990இல் அமெரிக்காவில் முதலாவதாக அனுமதி பெற்ற மருந்துகூடக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் கிளமன்ற்ஸ் வகுத்ததே. அறுபதாண்டு ஏணியின் கடைசிப் படியில் ஏறியவர் ஏணி முழுவதற்கும் விலை கேட்பது எந்நியாயம்?

குழந்தைகளுக்கான அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உலக சுகாதார நிறுவனம் இதனைச் சேர்த்துள்ளது. எனினும் வறிய நாடுகள் பலவற்றின் குழந்தைகளுக்கு இது எட்டாப் பொருளே. மருந்து மட்டும் போதாது, ஒட்சிசனும் சுவாசக் கருவியும் விழித்திருக்கும் தாதியும் வேண்டும் என்பர் சிலர். உண்மையே. அவற்றையும் தனியார் சந்தை தருமென்று எவரேனும் துணிந்து கூறுவரா?

வளர்ந்தோரின் கடுஞ் சுவாச நோய்க்கு வருவோம். அங்கும் இப்பொருள் பழுதடைகின்றது என்பது 1967 முதல் பேசப்பட்டு வந்தது. 1996இல் 725 நோயாளரிடம் மேற்படி செயற்கை மருந்து சோதிக்கப்பட்டது; சாவு குறையவில்லை. 2004இல் வெளியான சோதனையில் வேறொரு மருந்து முதல் நாளில் இரத்தத்தின் ஒட்சிசனை உயர்த்தியது, உயிரைக் காக்கவில்லை. இரத்தத்திலிருந்து சிற்றறைக்குட் கசியும் புரதங்கள் மருந்தையே செயலிழக்கச் செய்யவல்லவை. அதனை எங்ஙனம் வெல்வது, எந்நோயாளர்க்கு எப்போது கொடுப்பது என்பன பல்லாண்டுப் பொறுமையை வேண்டும் வினாக்கள். அவற்றுக்கு விடைகாணும் வேலையை, அடுத்த ஆண்டின் பங்குலாபத்தை எண்ணுவோரிடம் விட்டுவைக்க நாம் உடன்படோம்.