அழுத்தமானியை நம்பலாமா?

மோட்டார் வண்டியின் பளுவைத் தாங்கி நிற்பது பெரும்பாலும் ரப்பர் அன்று. அதனுள் அடைபட்டுள்ள காற்றேயாகும். ஓடும் ஜீப்பின் ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவினதே. வண்டியில் அமர்ந்துள்ளோரின் பாதுகாப்பு இச்சிறு பரப்பைச் சார்ந்துள்ளது. அக்காற்றின் அழுத்தத்தைக் கண்ணால் பார்த்தோ, காலால் உதைத்தோ, தட்டி ஓசை கேட்டோ சரியாக அறிதல் இயலாது. அதற்கொரு கருவி வேண்டும். ஆனால் அக்கருவி கூறுவது உண்மைதானா என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்?

நம் அலுவலகங்களில் டயர் அழுத்தமானி, திருகுசாவி, ஜாக்கி ஆகியவற்றோடு சேர்த்து ஒரு கைக்கருவியாகவே வாங்கப்படுகிறது. அவற்றோடு ஒரே பெட்டியில் எறியவும்படுகிறது. இது தவறு என்பதே என் கருத்து. திருகுசாவி பழுதுபட்டால் அது நழுவி நமக்கு அறிவித்துவிடும். அழுத்தமானி பழுதுபட்டாலோ, முன்போலவே தயக்கமின்றி ஓர் எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும். தராசுக்கும் வெப்பமானிக்கும் நாம் அளிக்கும் மதிப்பை இதற்கும் அளித்தல் வேண்டும்.

சில பவுண்டு வேறுபாட்டால் என்ன கேடு விளைந்துவிடும் என்று சிலர் எண்ணக்கூடும். 2000 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் ஏறத்தாழ 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. ஓட்டத்தின்போது டயரின் மேற்பட்டை பிரிந்து வண்டிகள் கவிழ்ந்து பலர் உயிரிழந்தமையே காரணம். டயரின் அமைப்பு, உற்பத்தி, வண்டியின் நிலைப்பாடு எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டன. அவற்றுள் காற்றழுத்தமும் ஒன்று. சதுர அங்குலத்துக்கு 26 பவுண்டு என்பது வண்டியைச் செய்தோர் பரிந்துரைத்த அளவு. 30 வேண்டும் என்பது டயர் செய்தோர் வாதம். இரு பெரு நிறுவனங்கள் வழக்காடிய அந்த வேறுபாடு 4 பவுண்டு மட்டுமே. காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் மிகுதியாக வளைந்து நிமிர்கிறது. அதனால் வெப்பம் பெருகுகிறது. வெப்பத்தால் அடுக்குகளின் பிணைப்புத் தளர்கிறது. கோடையில், பளுவேற்றி, விரைந்து செல்லும் வண்டிக்கு இவ்வாபத்து மிகுதி.

கடைகளில் கிடைக்கும் அழுத்தமானிகள் மூவகையின. முதலாவது, பேனா வடிவினது. காற்று ஒரு சிறு பிஸ்டனைத் தள்ள, ஸ்பிரிங் அதனை எதிர்க்க, அளவு குறித்த கோல் வெளியே நீளும். இரண்டாவது, முகப்பும் முள்ளும் உடையது. இவ்வகையில் பலவற்றின் உள்ளே இருப்பது, 1849இல் பிரான்சு நாட்டு யூஜின் போர்டன் காப்புரிமை பெற்ற வளைகுழாய். தட்டையான அக்குழாயினுள் அழுத்தம் மிகும்போது வளைவு சற்றே நிமிர, அவ்வசைவு பற்சக்கரத்தால் பெருக்கப்பட்டு முள்ளைத் திருப்புகிறது. மூன்றாவது, எண்களை ஒளிரக் காட்டும் மின்னணு அழுத்தமானி. அழுத்தத்தால் சிலிக்கனின் மின்தடை மாறுகிறது என்னும் உண்மையை 1954இல் சார்லஸ் ஸ்மித் வெளியிட்டார். இவ்வகைக் கருவிகள் பலவற்றுக்கு அதுவே அடிப்படை.

இவற்றுள் எது சிறந்தது என்பதைவிட, எந்த அளவெல்லை உடையது நம் வேலைக்கு ஏற்றது என்பதே முதற் கேள்வியாதல் வேண்டும். அழுத்தமானியின் பிழை பெரும்பாலும் அதன் முழு அளவின் நூற்றுவீதமாகக் குறிக்கப்படுகிறது; படிக்கும் எண்ணின் நூற்றுவீதமாக அன்று. 0 முதல் 160 பவுண்டு வரை காட்டும் கருவியின் பிழை 2.5 சதவீதம் எனில், அது 4 பவுண்டு ஆகும். 30 பவுண்டு வேண்டிய ஜீப் டயரை அதனால் அளந்தால் உண்மை 26ஆகவும் இருக்கலாம், 34ஆகவும் இருக்கலாம். மேலே கூறிய வழக்கின் வேறுபாடு முழுவதும் ஒரு கருவியின் பிழைக்குள்ளேயே அடங்கிவிடுவதைக் காண்க. 0 முதல் 60 வரை காட்டும், 1.6 சதவீதப் பிழையுள்ள கருவியில் அதே பிழை ஒரு பவுண்டுக்குள் அடங்கும். எனவே லாரிக்கும் ஜீப்புக்கும் ஒரே அழுத்தமானி என்னும் சிக்கனம் சிக்கனமே அன்று. வேண்டிய அளவு முகப்பின் நடுப்பகுதியில் விழுமாறு கருவியைத் தேர்ந்தெடுத்தல் நன்று.

அடுத்து, மீச்சிற்றளவு வேறு, துல்லியம் வேறு. மின்னணுக் கருவி 30.4 என்று காட்டும்போது அந்தப் புள்ளிக்குப் பின்னுள்ள எண் நம்மை மயக்கிவிடுகிறது. ஒரு பவுண்டு பிழையுள்ள கருவியில் அந்த 4 என்னும் எண்ணுக்குப் பொருளில்லை. ஒரே டயரை உடனுக்குடன் ஐந்து முறை அளந்து பாருங்கள். ஐந்து முறையும் ஏறத்தாழ ஒரே எண் வந்தால் கருவி நம்பத்தக்கது. அது உண்மையைவிட எப்போதும் 2 பவுண்டு கூடுதலாகக் காட்டினும் கழித்துக்கொள்ளலாம். முறைக்கு முறை மாறும் கருவியை எந்தத் திருத்தத்தாலும் காப்பாற்ற இயலாது.

முள் சுழியில் நிற்கிறது, ஆகவே கருவி சரி என்று முடிவு செய்வதும் பிழை. பல கருவிகளில் முள் சுழிக்குக் கீழே செல்லாதவாறு ஒரு சிறு தடுப்பு இருக்கும். கீழே விழுந்து கோணிய குழாய் உண்மையில் சுழிக்குக் கீழே காட்ட முயன்றாலும், தடுப்பு அக்குறையை மறைத்துவிடும். சுழியில் நிற்காத முள் பிழையை உறுதியாகக் காட்டும். சுழியில் நிற்கும் முள் எதையும் உறுதி செய்யாது.

பின் எவ்வாறுதான் அறிவது? மற்றொரு நம்பத்தக்க கருவியோடு ஒப்பிட்டே அறிதல் வேண்டும். அக்கருவியை அதனினும் சிறந்த ஒன்றோடு ஒப்பிட வேண்டும். இந்தச் சங்கிலியின் தலைக்கண்ணி நம் நாட்டில் புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் ஆகும். அங்கீகாரம் பெற்ற அளவுதிருத்தக் கூடங்கள் இடைக்கண்ணிகள். தெரிந்த பரப்புடைய பிஸ்டன் மீது தெரிந்த எடையை வைத்து உண்டாக்கும் அழுத்தத்தைக் கொண்டு அங்கே கருவிகளைச் சோதிக்கலாம். சட்டமுறை அளவியலுக்கான சர்வதேச நிறுவனத்தின் பரிந்துரை, 4 பார் வரை அளக்கும்போது 0.08 பாருக்கு மேல் பிழை கூடாது என்கிறது. அதாவது ஏறத்தாழ 1.2 பவுண்டு. கொள்முதல் செய்வோர் விலையை மட்டும் நோக்காது இவ்வளவையும் நிபந்தனையாகக் குறித்தல் தகும்.

ஒவ்வொரு கருவியையும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புதல் இயலாது என்பது உண்மையே. அது வேண்டியதுமில்லை. வண்டிகள் உள்ள ஒவ்வோர் அலுவலகமும் ஒரே ஒரு நல்ல கருவியை ஆண்டுக்கொருமுறை அளவுதிருத்தம் செய்வித்து, வண்டிகளில் எடுத்துச் செல்லாது அலமாரியில் பாதுகாக்கட்டும். ஓட்டுநர் கையிலுள்ள கருவிகளை மாதம் ஒருமுறை அதனோடு ஒப்பிட்டு, வேறுபாட்டை வண்டியின் குறிப்பேட்டில் எழுதட்டும். கீழே விழுந்த கருவியை ஒப்பிட்ட பின்னரே மீண்டும் பயன்படுத்தட்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு டயரின் விலைக்கு முன் பெரிதன்று. ஓர் உயிருக்கு முன் அதனைச் செலவென்று கூறவும் கூடாது.

புதிய வண்டிகளில் அழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் விளக்கு உள்ளதே என்று சிலர் வினவுவர். அமெரிக்காவில் 2007 செப்டம்பர் முதல் புதிய கார்களில் கட்டாயமாக்கப்பட்ட இவ்வமைப்பு, பரிந்துரைத்த அளவினின்று 25 சதவீதம் குறைந்த நிலையில் எச்சரித்தல் வேண்டும் என்பதே அங்குள்ள விதி. 32 பவுண்டு வேண்டிய டயர் 24க்கு இறங்கும் வரை விளக்கு எரியாமல் இருந்தாலும் அது விதிக்கு மாறன்று. அது ஆபத்தை அறிவிக்கும் மணி; அளவு கூறும் கருவி அன்று.

கருவி சரியாயினும் அளப்போர் தவறலாம். வண்டி 3 மணி நேரமேனும் நின்று டயர் குளிர்ந்த பின்னரே அளத்தல் வேண்டும். 30 பவுண்டு அழுத்தமுள்ள டயரின் காற்று 10 டிகிரி செல்சியஸ் சூடேறினால் அழுத்தம் ஏறத்தாழ 1.5 பவுண்டு உயரும். ஓடிச் சூடேறிய டயரில் எண் கூடியிருப்பதைக் கண்டு காற்றை இறக்கிவிடுவோர், மறுநாட் காலையில் குறைந்த காற்றோடு புறப்படுகின்றனர். வேண்டிய அளவைக் கதவுத் தூணில் ஒட்டியுள்ள அட்டவணையில் காண்க. டயரின் பக்கத்தில் பொறித்திருப்பது மீப்பெரு எல்லையே.

மலைநாட்டில் பணிபுரிவோர்க்கு மற்றொரு செய்தி. சாதாரண அழுத்தமானி காட்டுவது உட்காற்றுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே. சண்டிகரில் 30 டிகிரி வெப்பத்தில் 30 பவுண்டு காட்டிய டயர், 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரை அடைந்தால் என்ன காட்டும்? சண்டிகரில் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 14.1 பவுண்டு, லேயில் 9.5 பவுண்டு. வெப்பநிலை மாறாதிருப்பின் கருவி 34.6 காட்டும். ஆனால் அங்கே அதிகாலைக் குளிர் 0 டிகிரியாயின், உட்காற்றின் முழு அழுத்தம் 44.1இலிருந்து 39.7க்கு இறங்கும், கருவி மீண்டும் 30ஐயே காட்டும். உயரம் கூட்டியதைக் குளிர் கழித்துவிட்டது. வகுப்பில் வாயு விதிகளைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதனினும் உயிருள்ள கணக்கு எளிதில் கிட்டாது.

பள்ளிகளில் ஒரு சோதனையும் செய்து பார்க்கலாம். தெளிவான நெகிழ் குழாய் ஒன்றின் அடிமுனையில் பழைய டியூபின் வால்வை இறுகப் பொருத்துக. அம்முனையை இரண்டு மீட்டர் மேல்நோக்கி வளைத்துக் கட்டிவிட்டு, மாடியிலிருந்து நீர் நிரப்புக. வளைந்த பகுதியில் சிக்கிய காற்று, நீர் கருவியினுள் புகாதவாறு காக்கும். இரு நீர்மட்டங்களுக்கும் உள்ள உயர வேறுபாடு 10 மீட்டர் எனில் அழுத்தம் 14.2 பவுண்டு. வால்வில் அழுத்தமானியைப் பொருத்தியபடியே மட்டங்களை மீண்டும் அளந்து, கருவி காட்டுவதோடு ஒப்பிடுக. அளவுநாடாவும் நீரும் ஒரு கருவியின் மெய்யைச் சோதிக்க வல்லன என்பதை மாணவர் நேரிற் காண்பர்.

அளவிடும் பழக்கம் நம்மிடையே பரவியுள்ளது. அளவுகோலை ஐயுறும் பழக்கம் இன்னும் பரவவில்லை. அறிவியல் மனப்பான்மை என்பது இரண்டும் சேர்ந்ததே. அடுத்த பயணத்துக்கு முன் உங்கள் அழுத்தமானியை ஒருமுறை மற்றொன்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாட்டை எழுதி வையுங்கள்.