யார் திறந்த கதவு?

போன மாதம் எங்கள் தெருப் பையன் ஒருவன் கவுண்டருக்கு வந்தான். கையில் அப்பாவின் பாஸ்புக், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ். எம்.ஏ. படித்தவன். அப்பா நகராட்சியில் துப்புரவு வேலை பார்த்தவர். ஓய்வுக்கு நாலு வருசம் இருக்கும்போதே நெஞ்சுச் சளியில் செத்துப்போனார். படிவத்தை நிரப்பிக்கொண்டே கேட்டேன்: "அடுத்து என்ன பண்ணப் போற தம்பி?"

"அப்பா வேலையவே தர்றாங்கண்ணே, கருணை அடிப்படையில. படிப்புக்கு ஏத்த மாதிரி இளநிலை உதவியாளர் வேலை கேட்டேன். அதுல காலியிடம் இல்லியாம். துப்புரவுன்னா உடனே ஆர்டராம். அம்மா உபவாசம் இருந்து ஜெபம் பண்ணுச்சு. கர்த்தரே கதவத் திறந்துட்டாரு, நன்றி சொல்லிட்டு உள்ள போன்னுட்டாரு பாஸ்டர்."

கர்த்தர் திறந்தாராம்! அவன் தாத்தா அந்தக் கதவு வழியாகப் போய் மலக்கூடை சுமந்தார். அப்பன் போய்ச் சாக்கடை அள்ளினான். இப்போது எம்.ஏ. சான்றிதழைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு மூன்றாம் தலைமுறையும் அதற்குள்ளேயே போக வேண்டுமாம். அந்தக் கதவைத் திறந்து வைத்திருப்பது கர்த்தர் அல்ல, சாதி. அதற்குக் கர்த்தரின் பெயரை எழுதி மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

"ஆண்டவரே, எனக்கு எந்த வேலை, எந்த வழி?" என்று கேட்கிற ஜெபத்தை நான் கேலி செய்யவில்லை. மனசுக்குப் பிடித்த வேலையும் மானமுள்ள பிழைப்பும் மனுசனாய்ப் பிறந்த எல்லாருக்கும் உள்ள ஆசை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள் தோழர்களே. ஊர்த்தெருப் பையன் இப்படிக் கேட்டால் டாக்டரா, இன்ஜினியரா, வெளிநாடா என்று பதில் வருகிறது. சேரிப் பையன் கேட்டால் மட்டும் கடவுள் விளக்குமாற்றை நீட்டுகிறார். கடவுளுக்குத் தெரு பிரித்துப் பார்க்க யார் சொல்லிக்கொடுத்தது?

நாம் கேட்பதற்கு முன்னாலேயே நமக்குப் பதில் எழுதிவிட்டார்கள். கீதையின் பதினெட்டாம் அத்தியாயத்தைப் புரட்டுங்கள். வருணத்துக்கு வருணம் வேலை பிரித்துக் கொடுத்துவிட்டு, குற்றமுள்ளதாக இருந்தாலும் பிறப்போடு வந்த வேலையை விடாதே என்கிறது. நால்வருணத்துக்கும் வெளியே நிற்கிற நமக்கு அந்தப் பட்டியலில் இடம்கூட இல்லை. மிச்சம் கிடந்த பீயும் பிணமும்தான் நம் பங்கு. 1936 நவம்பரில் காந்தி தன் 'ஹரிஜன்' ஏட்டில் லட்சிய பங்கி எப்படி இருக்க வேண்டும் என்று எழுதினார். கக்கூஸ் கட்டும் முறையும், மலத்தையும் சிறுநீரையும் சோதிக்கும் முறையும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டுமாம். வெளியே வா என்றல்ல, உள்ளேயே லட்சியமாக இரு என்று!

அதே 1936இல் வந்ததுதான் அம்பேத்கரின் 'சாதி ஒழிப்பு'. சாதி என்பது வேலைப் பிரிவினை அல்ல, வேலை செய்கிற மனிதர்களையே பிரித்து மேலும் கீழுமாக அடுக்குவது என்று அதில் போட்டு உடைத்தார். அவனவன் திறமையையும் விருப்பத்தையும் பார்க்காமல், பிறக்கும் முன்பே வேலையை விதித்துவிட்டால், அந்த வேலையில் மனமும் ஒட்டாது, மூளையும் ஒட்டாது என்றார். 'மனநிறைவான வேலை' என்று இன்று எல்லோரும் பேசுகிறார்களே, அதற்குக் குறுக்கே கிடக்கிற கல் எது என்று காட்டியவர் அவர்.

சிலுவைக்காரர்கள் யோக்கியமா? கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் ஏழாம் அதிகாரத்தில், அழைக்கப்பட்ட நிலையிலேயே இரு என்கிறார் பவுல். பிரசங்க பீடம் அதை நன்றாகவே வாசிக்கிறது. அடிமையே, விடுதலையாக முடிந்தால் அதுவே நலம் என்று அடுத்த வசனத்திலேயே சொல்கிறாரே, அப்போது மட்டும் புத்தகத்தை மூடிவிடுகிறது.

அரசாங்கம் என்ன செய்கிறது? எந்தக் கடவுளிடம் வேலை கேட்கிறாய் என்று பார்க்கிறது. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை இந்துவுக்கு மட்டுமே பட்டியல் சாதி என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறித்தவரும் முசுலிமும் இன்றுவரை வெளியே. அதனால்தான் எங்கள் தெருவில் பாதிப் பேர் சான்றிதழில் இந்து, ஞாயிற்றுக்கிழமை சபை. ஏசுவின் பெயரை வாய்விட்டுச் சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்துகொண்டு, அந்த ஏசுவிடமே வேலை கேட்கிறோம்!

சரி, கடவுளின் சொந்த வீட்டில் வேலை யாருக்கு? எல்லாச் சாதியினரும் அர்ச்சகராக 1970இல் சட்டத்தைத் திருத்தினார்கள். பயிற்சி முடித்தவர்கள் வருசக்கணக்காக வீதியில் நின்றார்கள். அரசுப் பயிற்சிப் பள்ளியில் படித்த 24 பேர் கையில் ஆணை கிடைத்தது 2021 ஆகஸ்டில். 51 வருசம்! அதுவும் சாமி கண் திறந்து கிடைத்ததில்லை. போராட்டமும் வழக்கும் வாங்கிக் கொடுத்தது.

என் கதைக்கு வருகிறேன். வங்கித் தேர்வில் நான் தேறியபோது, கர்த்தர் செய்த அற்புதம் என்று எங்கம்மா சபையில் எழுந்து சாட்சி சொன்னாள். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது அற்புதமல்ல, இட ஒதுக்கீடு. எத்தனையோ பேர் அடிபட்டு வாங்கிய உரிமை. அன்றைக்கு நான் எழுந்து அதைச் சொல்லியிருக்க வேண்டும். முன்வரிசைப் பாயில் உட்கார்ந்திருந்த பொடியன்களில் இவனும் ஒருவன். சொல்லியிருந்தால், வேலை என்பது முழங்காலில் நின்று வாங்குகிற பிச்சையல்ல என்று அப்போதே அவன் காதில் விழுந்திருக்கும். ஆகவே இந்த வசவில் எனக்கும் பங்கு உண்டு.

ஆர்டரை வாங்காதே என்று அவனிடம் நான் சொல்லவில்லை. ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொல்ல எனக்கென்ன யோக்கியதை? அவன் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். ஊரைச் சுத்தம் செய்கிறவன் கேவலமானவனும் இல்லை. அந்த வேலைக்கு இன்ன சாதிதான் என்று எழுதி வைத்திருக்கிறார்களே, அதுதான் கேவலம்.

சொன்னது இதுதான்: "ஜெபம் பண்ணு, வேணாங்கல. ஆனா உன் பைபிள்லயே பாரு தம்பி. எகிப்துல செங்கல் அறுத்துக்கிட்டிருந்தவன்கிட்ட, செங்கல் அறுக்கிறதுதான் உனக்கு நான் வச்ச வழி, நன்றி சொல்லுன்னா சொன்னாரு? வெளிய கூட்டிட்டுத்தானே போனாரு? உள்ள போன்னு சொல்றவரு யாருன்னு நீயே யோசி."

படிப்புக்கேற்ற வேலையைக் கருணை அடிப்படையில் தர விதியில் இடமிருக்கிறது. அதைக் குறிப்பிட்டு ஒரு மனு. இதுவரை கருணை அடிப்படையில் யார் யாருக்கு என்ன வேலை கொடுத்தீர்கள், துப்புரவுத் தொழிலாளி பிள்ளைகளில் எத்தனை பேருக்கு மேசை வேலை கொடுத்தீர்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு கேள்வி. இரண்டுக்கும் முதல் வரியைப் பழைய சலானின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்.

வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு வாங்குகிற நாள். நான் லீவு போட்டுவிட்டேன். தெருவிலிருந்து இன்னும் நாலு பேர் வருகிறார்கள். அவன் அம்மாவும் வருகிறாள், பைபிளோடு.