குதிரைக்கு ஊசி போட்டா டிரெயினர் மாட்டுவார், பிள்ளைக்குப் போட்டா?

2024 செப்டம்பர் 9ஆம் தேதி கிண்டி ரேஸ் கோர்சுக்கு சீல் வெச்சாலும் வெச்சாங்க, அதுக்கப்புறம் நம்ம மக்கள் எழுதித் தள்ளின பதிவுகளைப் படிச்சே எனக்கு பிபி ஏறிடுச்சு. ஒரு கோஷ்டி, சூதாட்டம் ஒழிந்தது, குடும்பங்கள் பிழைத்தன என்று பட்டாசு வெடிக்குது. இன்னொரு கோஷ்டி, 1777லேருந்து இருந்த பாரம்பரியம் போச்சேன்னு ஒப்பாரி வைக்குது. ரெண்டு கோஷ்டிக்கும் ஒரே ஒரு ஒற்றுமைதான். ரெண்டு பேர் பதிவிலயும் குதிரையே கிடையாது.

முதல்ல ஒண்ணைத் தெளிவா சொல்லிடறேன், இல்லேன்னா பின்னூட்டத்துல கும்மிடுவீங்க. நான் ரேசுக்கு வக்காலத்து வாங்க வரலை. கிண்டியில 160 ஏக்கர். 1945ல போட்ட 99 வருஷக் குத்தகை. வருஷ வாடகை 614 ரூபாய் 13 காசு. எங்க ஆபீஸ் கேன்டீன்ல நாலு பேர் ஒழுங்கா சாப்பிட்டா அதைவிட அதிகமா பில் வரும். வாடகையைத் திருத்தி பாக்கியைக் கட்டச் சொன்னா கோர்ட்டுக்குப் போறாங்க. 2023 மார்ச்ல சென்னை உயர்நீதிமன்றம் 730 கோடியைக் கட்டு, இல்லேன்னா காலி பண்ணுன்னு சொல்லிச்சு. ஊட்டியிலயும் அதே கதை. 52 ஏக்கர், 1978லயே முடிஞ்சுபோன குத்தகை, 822 கோடி பாக்கி. 2024 ஜூன்ல அரசாங்கம் நிலத்தை எடுத்துக்கிச்சு. பொது நிலம். எடுத்தது சரி. பூங்கா வரட்டும், குளம் வரட்டும், சந்தோஷம்.

ஆனா இந்த மொத்த சண்டையிலயும் ஓடின ஜீவனைப் பத்தி ஒரு வரி எங்கயாவது இருந்துதா? ஏக்கர் இருந்துது, கோடி இருந்துது, குத்தகை இருந்துது.

இது இன்னிக்கு நேத்திக்கு வந்த வியாதி இல்லை. 1974ல கலைஞர் ஆட்சியில ரேஸ் பந்தயத்தை சூதாட்டச் சட்டத்துக்குள்ள கொண்டுவந்து நிறுத்தப் பார்த்தாங்க. 1986ல எம்ஜிஆர் ஆட்சியில கிளப்பையே அரசுடைமை ஆக்க தனிச் சட்டம் போட்டாங்க. ரெண்டையும் 1996 ஜனவரியில உச்ச நீதிமன்றம் தள்ளிடுச்சு. காரணம்? குதிரைப் பந்தயம் அதிர்ஷ்டம் இல்லை, பெரும்பாலும் திறமை சார்ந்த விளையாட்டு. அதனால அது சூதாட்டம் இல்லை. பின்னால வந்த ஆன்லைன் ரம்மிக் கம்பெனிகள் ஒவ்வொண்ணும் இந்தத் தீர்ப்பைத்தான் கேடயமா பிடிச்சுக்கிட்டு வந்துச்சு, அது தனிப் பதிவு.

திறமைன்னு சொன்னாங்களே, யார் திறமை? குதிரையோட வேகம், அதன் மேல உக்காந்திருக்கிற ஜாக்கியோட கை, காலங்காத்தால நாலு மணிக்கு எழுந்து அதைப் பழக்கினவரோட பொறுமை. இவங்களோட திறமையைக் காட்டித்தான் கேஸ் ஜெயிச்சுது. பலன் யாருக்கு? கிளப்புக்கும், ஸ்டாண்டுல உக்காந்து பணம் கட்டினவருக்கும். நம்ம புரோகிராமர் பாஷையில சொன்னா, கோடு எழுதினவன் ஒருத்தன், அப்ரைசல்ல ரேட்டிங் வாங்கினவன் இன்னொருத்தன் :)

அப்புறம் ரேஸ் தானாவே தேய ஆரம்பிச்சுது. கட்டுற பணத்து மேல 28 சதவீதம் ஜிஎஸ்டி வந்துது, 2025 செப்டம்பர் 22லேருந்து அது 40 ஆயிடுச்சு. சூதாடணும்னு கை அரிக்கிறவனுக்கு கிண்டிக்கு ரயில் ஏற வேண்டிய அவசியமும் இல்லாம போச்சு, எல்லாம் போன்லயே வந்துடுச்சு. அதுக்கும் 2025 ஆகஸ்ட்ல மத்திய அரசு சட்டம் போட்டு தடை பண்ணிச்சு. சரி, கிளப்புக்கு வருமானம் குறையுது. குறையும்போது முதல்ல வெட்டு விழுறது எங்கன்னு நினைக்கறீங்க? மெம்பர் பார்லயா?

இங்கதான் எங்க ஊர் வருது. திண்டுக்கல் மாவட்டத்துக்காரனுக்கு ரேஸ் பத்தி என்ன தெரியும்னு கேப்பீங்க. பழனி மலைன்னா முருகன் உக்காந்திருக்கிற குன்று மட்டும்னு நினைக்கிறவங்களுக்கு: கொடைக்கானலைத் தோள்ல தூக்கி வெச்சிருக்கிற மொத்த மலைத்தொடருக்கும் அதுதான் பேர். அடிவாரத்துல பழனியில குதிரைன்னா ஜட்கா. மேல கொடைக்கானல்ல குதிரைன்னா ஏரி.

கொடைக்கானல்ல ரேஸ் கோர்ஸ் கிடையாது. வெள்ளைக்காரங்க 1863ல ஏரி வெட்டினாங்க, 1890ல படகு கிளப், 1895ல கோல்ஃப் கிளப் ஆரம்பிச்சாங்க, ஆனா ஊட்டி மாதிரி பந்தயத் திடல் மட்டும் போடலை. 1845லேருந்து அமெரிக்க மிஷனரிகள் வந்து குடியேறின ஊர், அவங்களுக்குப் பந்தயம் ஆகாதுங்கறதுதான் காரணமா இருக்கும்னு என் யூகம். ரேஸ் இல்லாத இந்த ஊர்லதான் குதிரை சவாரி. ஏரியைச் சுத்தி சுமார் 5 கிலோமீட்டர், குழந்தையை மேல உக்காத்தி வெச்சு, ஒருத்தர் கயிறைப் பிடிச்சுக்கிட்டே ஓடுவார். நாமளும் போட்டோ எடுத்துக்குவோம்.

போன தடவை போனப்போ ஒரு குதிரைக்காரர்கிட்ட பேச்சுக் கொடுத்தேன். எங்கேருந்து அண்ணே வாங்குவீங்கன்னு கேட்டேன். "ரேஸ்ல ஓடி முடிச்சது வரும் தம்பி, கால்ல அடிபட்டது, வயசானது. எங்களுக்கும் அதுதான கட்டுப்படியாகும்"னார். பக்கத்துல நின்ன குதிரை முழங்காலைப் பாத்தேன், வீங்கியிருந்துது. அவரைத் திட்ட எனக்கு மனசு வரலை. சீசன்ல ரெண்டு மாசம் சம்பாதிச்சு பத்து மாசம் கொள்ளும் புல்லும் போடணும் அவர். 2024 மே மாசத்துலேருந்து இ-பாஸ் வேற.

கணக்கைப் பாருங்க. ரேஸ் குதிரை ரெண்டு வயசுல ஓட ஆரம்பிக்கும். ஏழெட்டு வயசுக்குள்ள பெரும்பாலும் கதை முடிஞ்சிடும். ஆயுசு 25லேருந்து 30. அப்போ மிச்ச இருபது வருஷம்? பிறந்தவுடனே ஸ்டட் புக்குல அப்பா பேர், அம்மா பேர், தாத்தா பேர் வரைக்கும் எழுதி வெக்கறாங்க. ஓடின ஒவ்வொரு ரேஸுக்கும் நேரம், எடை, தூரம் எல்லாம் ரெக்கார்டு இருக்கு. ஓடுறது நின்ன அடுத்த நாள் அதுக்கு யார் பொறுப்பு? சமவெளிப் புல்தரையில ஓடறதுக்குன்னே தலைமுறை தலைமுறையா பொறுக்கி வளர்த்த, மெல்லிசுத் தோல் ஜாதி அது. அதை 7000 அடி உசரத்துல, டிசம்பர் குளிர்ல, தார் ரோட்டுல ராத்திரி விட்டா என்ன ஆகும்? ஊட்டிக் கடைத்தெருவுல குப்பையை மேஞ்சுக்கிட்டு நிக்கிற குதிரைகளைப் பாத்தவங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இவ்வளவு திட்டிட்டு ஒரு விஷயத்துல ரேஸைப் பாராட்டணும். பாராட்டறதுன்னா, அதை வெச்சு இன்னொருத்தரைத் திட்டறதுக்காகத்தான்.

ரேஸ் உலகத்துல ஒரு விதி. ஜெயிச்ச குதிரையோட சிறுநீர்ல, ரத்தத்துல தடை செய்யப்பட்ட மருந்து இருந்தா, வெற்றி ரத்து. அத்தோட டிரெயினரைக் கூப்பிட்டு விசாரிப்பாங்க. எனக்குத் தெரியாது, லாயத்துல யாரோ போட்டுட்டாங்கன்னு அவர் சொல்லி லேசுல தப்பிக்க முடியாது. உன் லாயம், உன் பொறுப்பு. அபராதம், லைசென்ஸ் சஸ்பென்ஷன் எல்லாம் அவர் தலையில. நியாயம்தானே? குதிரை தானாப் போய் மெடிக்கல் ஷாப்புல வாங்கிச் சாப்பிடலையே.

இப்போ தடகளத்துக்கு வாங்க. ஓடுறது குதிரை இல்லை, நம்ம ஊர்ப் பிள்ளை. விதி அப்படியே தலைகீழ். உடம்புல என்ன இருந்தாலும் பிள்ளைதான் பொறுப்பு. யார் கொடுத்தது, எப்படி உள்ள போச்சுங்கறதெல்லாம் தண்டனையைக் கொஞ்சம் குறைக்க உதவலாம், குற்றத்தை மாத்தாது. சர்வதேச அமைப்புக்குப் பேரே வாடா. கூப்பிட்டா போய்த்தான் ஆகணும்.

2011ல நடந்தது ஞாபகம் இருக்கா? அஷ்வினி அக்குஞ்சி, மன்தீப் கௌர், சினி ஜோஸ் உள்பட ஆறு 400 மீட்டர் ஓட்டக்காரிகள் ஸ்டீராய்டு சோதனையில மாட்டினாங்க. நான் பேர் சொன்ன மூணு பேரும் 2010 காமன்வெல்த், ஆசிய விளையாட்டு ரெண்டுலயும் 4×400 ரிலே தங்கம் வாங்கின டீம். அவங்க சொன்ன விளக்கம், உக்ரைன் கோச் யூரி ஒகரோட்னிக் சீனாவிலேருந்து வாங்கிக் கொடுத்த ஜின்செங் மாத்திரையிலதான் அது இருந்துச்சுன்னு. நம்ம ஊர் குழு, இவங்க தப்பு பெரிசா இல்லைன்னு ஒரு வருஷத் தடையோட விட்டுது. சர்வதேச விளையாட்டுத் தீர்ப்பாயம் 2012ல அதை ரெண்டு வருஷம் ஆக்கிச்சு. லண்டன் ஒலிம்பிக்ஸ் போச்சு. கோச்சை? வேலையை விட்டு அனுப்பினாங்க. அடுத்த சில வருஷத்துலயே திரும்பக் கூட்டிட்டு வந்தாங்க. அதே இடத்துல ஆறு குதிரை இருந்திருந்தா மாட்டியிருக்கப் போறது அவர்தான். நான் கிண்டலுக்குச் சொல்லலை, விதிப்படி சொல்றேன்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். திருச்சி முடிகண்டத்துலேருந்து வந்த கோமதி மாரிமுத்து, 2019 ஏப்ரல்ல தோஹாவுல ஆசிய தடகளப் போட்டி 800 மீட்டர் தங்கம். 2 நிமிஷம் 2.70 நொடி. ஊரே கொண்டாடிச்சு, நாமளும் ஆளாளுக்குப் பதிவு போட்டோம். கட்சிகள் போட்டி போட்டுக்கிட்டு செக் கொடுத்தாங்க. 2020ல ஸ்டீராய்டு கேஸ் உறுதியாச்சு, நாலு வருஷத் தடை, தங்கம் பறிபோச்சு. அதுக்கப்புறம் எத்தனை பேர் பதிவு போட்டோம்? 2022ல அதே திருச்சிப் பக்கத்துத் தனலட்சுமி சேகர் காமன்வெல்த் போட்டிக்கு முன்னாடி மாட்டினாங்க. அதுக்கு முந்தின வருஷம்தான் ஃபெடரேஷன் கோப்பையில 100 மீட்டர்ல டூட்டி சந்தை ஜெயிச்சு, 200 மீட்டர்ல பி.டி. உஷாவோட மீட் ரெக்கார்டை உடைச்சவங்க.

சாப்பிட்டாங்களா, தெரிஞ்சே சாப்பிட்டாங்களா, அது என் வாதமே இல்லை. தப்புன்னா தண்டனை வரட்டும். என் கேள்வி, ஏன் எப்பவும் பேப்பர்ல ஒரே ஒரு பேர்தான் வருது? 2023ல மட்டும் இந்தியாவில எடுத்த 5606 சாம்பிள்ல 213 பேர் மாட்டினாங்க. அந்த வரிசையில உலகத்துலயே நாமதான் முதலிடம், காலரைத் தூக்கி விட்டுக்கலாம். இந்த 213 பேரும் தனித்தனியா உக்காந்து ஸ்டீராய்டு வேதியியல் படிச்சு, சப்ளை பிடிச்சு, டோஸ் கணக்குப் போட்டாங்களா? 2022ல வந்த தேசிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டத்துல கோச், டாக்டர், மேனேஜர் எல்லாருமே வளையத்துக்குள்ள வர்றாங்க. இடம் இருக்கு. உபயோகப்படுத்தத்தான் ஆள் இல்லை.

அந்த விதி இல்லேன்னா எல்லாரும் கோச் மேல பழியைப் போட்டுட்டுத் தப்பிச்சிடுவாங்களே என்று யாராவது வருவீங்க. வாங்க. பிள்ளையை விட்டுடுன்னா சொன்னேன்? பக்கத்துல இன்னொரு நாற்காலி போடுன்னுதான் சொல்றேன். குதிரை விஷயத்துல டிரெயினர் பொறுப்புன்னு வெச்சதால ரேஸ் உலகம் இடிஞ்சு விழுந்துடலை.

மருந்தே இல்லாம தண்டனை வாங்கினவங்களும் இருக்காங்க. புதுக்கோட்டை கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜன். 2006 தோஹா ஆசிய விளையாட்டு, 800 மீட்டர் வெள்ளி. பாலினச் சோதனைன்னு சொல்லி மெடலைப் பிடுங்கினாங்க. கலைஞர் 15 லட்சமும் டிவியும் கொடுத்தார், அதுக்காக அவருக்கு ஒரு சலாம். ஆனா சம்மேளனம் அவருக்காக எந்த மேடையில ஏறி வாதாடிச்சு? 2012ல செங்கல் சூளையில வேலை பார்த்தார். ஒடிசாவோட டூட்டி சந்தை 2014ல இதே மாதிரி ஒதுக்கினப்போ, அவங்களுக்கு ஆதரவா வக்கீல்கள் கிடைச்சாங்க, 2015 ஜூலையில தீர்ப்பாயம் அந்த விதியையே நிறுத்தி வெச்சுது. ஒரு வக்கீல் வித்தியாசம், அவ்வளவுதான். சாந்தியோட வெள்ளி இன்னும் திரும்பலை.

வக்கீல் வெக்க வசதி இருந்தா எல்லாம் சரியாயிடுமான்னா, அதுவும் இல்லை. ஸ்ரீசாந்த் 2013ல கைது. 2015ல டெல்லி கோர்ட் விடுவிச்சுது. ஆயுள் தடையை 2019ல உச்ச நீதிமன்றம் தள்ளின பிறகுதான் கிரிக்கெட் வாரியம் ஏழு வருஷமா குறைச்சுது. முடிஞ்சப்போ அவருக்கு வயசு 37. பணமும் புகழும் இருக்கிற கிரிக்கெட்காரருக்கே இந்த கதின்னா, ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ஒரு வேலைக்காக ஓடுற பிள்ளைக்கு?

கிண்டி நிலத்துக்குக் கணக்கு எடுத்தாங்கல்ல, ஏக்கர் வாரியா? அதே மாதிரி குதிரைக்கும் கணக்கு வேணும். ரேஸ் விட்டு வெளிய போற ஒவ்வொண்ணும் எந்த ஊர், யார்கிட்ட, உயிரோட இருக்கான்னு கிளப் வருஷா வருஷம் எழுதிக் காட்டணும், கொடைக்கானல் நகராட்சி ஏரிக்கரையில நிக்கிற குதிரைக்கு லாயமும் டாக்டரும் ஏற்பாடு பண்ணணும், காசை பாக்கி வசூல்லேருந்து எடுக்கட்டும். தடகளத்துல மருந்து கேஸ் வந்தா, அறிவிப்பில பிள்ளை பேருக்குப் பக்கத்துல கோச் பேரும் கேம்ப் டாக்டர் பேரும் அச்சாகணும். இது எனக்குத் தோணினது. இதைவிட நல்ல யோசனை இருந்தா சொல்லுங்க, கிண்டி பாரம்பரியம் பத்தின கவிதையை மட்டும் அனுப்பாதீங்க.

டிஸ்கி: ஞாயித்துக்கிழமை பாத்து இதை எழுத ரெண்டு வாரம் ஆயிடுச்சு, ஆபீஸ்ல ஆணி அதிகம். பின்னூட்டத்துக்குப் பதில் லேட்டாத்தான் வரும். எனக்கு ரேஸ் டிப்ஸ் எல்லாம் தெரியாது, தயவுசெஞ்சு மெயில் போடாதீங்க சாமி.