இசைக்கு ஓர் ஏடு

தெல்தெனியவில் நம்மிடம் பயிலும் மாணவர் சிலர், இசைக்கெனக் கையெழுத்து ஏடொன்று நடத்த விரும்பி, மேலட்டையை வரைந்து வந்தனர். அட்டை நிறையச் சினிமாப் பாடகர் ஒருவரின் முகம். உள்ளே என்ன வரும் என்பது மட்டும் முடிவாகவில்லை!

இசையைத் தாளில் ஏற்றுவதற்கு ஒரு மரபு உண்டு. 1904இல் எட்டயபுரத்திலிருந்து சுப்பராம தீட்சிதர் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' அம்மரபின் பெருஞ்சான்று. சென்னை சங்கீத வித்வத் சபையும் 1930இல் தன் ஆய்விதழைத் தொடங்கியது.

தலைப்பில் இராகமும் தாளமும். அடுத்து ஆரோகண அவரோகணம். பின்னர் பல்லவி, அனுபல்லவி, சரணம். சுவரத்தின் அடியில் சாகித்தியம். ஓரட்சர நீட்டத்துக்குக் காற்புள்ளி, ஈரட்சரத்துக்கு அரைப்புள்ளி. மேல் ஸ்தாயிக்கு எழுத்தின் தலையில் புள்ளி. கீழ் ஸ்தாயிக்கு அடியில் புள்ளி. தமிழிலோ தலைப்புள்ளி பெற்ற 'ப' மெய்யெழுத்தாய்த் தோன்றும்! ஆதலின் ஏட்டின் முகப்பிலேயே குறியீட்டு விளக்கம் தரல் வேண்டும் என்றோம்.

அப்போது ஒரு மாணவி, "ஐயா, தோட்டத்தில் எங்கள் அப்பாயி பாடும் தாலாட்டுக்கு இராகப் பெயர் தெரியாதே, சேர்க்கலாமா?" என்றாள். நாம் வாயடைத்து நின்றோம். சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் திரட்டினார், சொற்கள் பிழைத்தன. மெட்டோ பாடுவோருடன் போய்விடுகிறது. பழைய தெல்தெனிய 1980களில் விக்டோரியா நீர்த்தேக்கத்துள் மூழ்கியது. போனது மீளாது என்பதை இவ்வூரார்க்கு எவரும் சொல்லவேண்டியதில்லை.

இராகத்துக்குரிய இடத்தை வெறுமையாய் விட்டு, பாடியவர் பெயர், தோட்டம், நாள் ஆகியவற்றை எழுதுமாறு பணித்தோம். முதற்பக்கம் அத்தாலாட்டுக்கே. அட்டைப்படத்தைப்பற்றி நாம் ஒன்றும் சொல்லவில்லை. மறுவாரம் அவர்களே மாற்றி வந்தனர்.