ஒரு ஆய்வுங்களா, எல்லா ஆய்வுமுங்களா?

1) "ஏனுங்க டாக்டர், சுகர் மாத்திரையே வேண்டாம்னு ஆய்வுல கண்டுபிடிச்சிருக்காங்களாமே?"

ஓபியில் வாட்ஸப்பைக் காட்டி இப்படிக் கேட்பவர்கள் நிறைய. முன்பெல்லாம் "அதெல்லாம் பொய்ங்க"ன்னு அனுப்பிடுவேன். இப்போ திருப்பிக் கேட்கிறேன்: "இது ஒரு ஆய்வுங்களா, இதைப் பத்தி வந்த எல்லா ஆய்வுமுங்களா?"

2) ஈரோட்டு மஞ்சள் மண்டியில் ஒரே ஒரு மூட்டையைப் பார்த்து மொத்த லோடுக்கும் விலை சொல்வீங்களா? மருத்துவத்தில் மட்டும் ஏன் ஒரு ஆய்வை வைத்து முடிவு செய்யணும்?

3) இதில் உயிர் போன கதை உண்டு. குறைமாதத்தில் வலி வந்த தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவோம். வயிற்றிலிருக்கும் குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிர்ச்சி அடையும். நியூசிலாந்தில் லிக்கின்ஸ், ஹோவி இருவரும் செய்த முதல் ஆய்வு வெளிவந்தது 1972-ல்.

4) அதன்பின் பல ஆய்வுகள் வந்தன. தனித்தனியாகப் பார்த்தால் சில சாதகம், சிலவற்றில் தெளிவில்லை. எல்லாவற்றையும் முறையாகத் திரட்டிய தொகுப்பு 1989 வரை வெளிவரவே இல்லை. திரட்டியபோது தெரிந்தது: குழந்தை இறக்கும் வாய்ப்பு 30 முதல் 50 சதவீதம் குறைகிறது!

பதில் கையிலேயே இருந்தது. கூட்டிப் பார்க்க ஆளில்லாமல் எத்தனை பிஞ்சுகள் போயிருக்கும்? அந்த ஆய்வுகளின் வரைபடம்தான் இன்று காக்ரேன் அமைப்பின் சின்னம்.

5) கதை அங்கே முடியலை. 2015-ல் இந்தியா உள்ளிட்ட 6 நாடுகளில் கிராம அளவு வரை இந்த ஊசியைப் பரவலாக்கிய ஆய்வு வெளிவந்தது. பலன் இல்லை, மொத்தத்தில் சிசு இறப்பு கொஞ்சம் கூடியது. 2020-ல் உலக சுகாதார நிறுவனம், இந்தியா உட்பட 5 நாடுகளின் மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வில் இறப்பு 23.5-லிருந்து 19.6 சதவீதமாகக் குறைந்தது.

அதே மருந்துதான். கர்ப்ப வாரத்தைச் சரியாகக் கணிக்கும், பிறந்த குழந்தையைக் கவனிக்கும் வசதியுள்ள இடத்தில் கொடுத்தார்கள். நம்ம ஊர்க் கணக்கும் தொகுப்பில் இருக்கணும்னு சொல்வது இதனால்தான்.

6) இதற்குப் பெரிய லேப் வேண்டாம். கேள்வியையும், எந்த ஆய்வை எடுப்போம், எதை விடுவோம் என்பதையும் முன்கூட்டியே எழுதி வைக்கணும். பிடித்தது, பிடிக்காதது எல்லாம் தேடணும். இருவர் தனித்தனியே சரிபார்க்கணும். தரம் பார்த்த பிறகே கூட்டணும்.

7) வேலூர் சிஎம்சியில் மனநல மருத்துவர் பிரதாப் தரியன் வழிநடத்திய காக்ரேன் மையம் இதைப் பலருக்கும் சொல்லித் தந்தது. நான் வெறும் எம்பிபிஎஸ். டியூட்டி முடிந்து ராத்திரியில்தான் கற்கிறேன். எல்லா அரசு மருத்துவக் கல்லூரியிலும் ஹவுஸ் சர்ஜன்களுக்கு இது கட்டாயப் பயிற்சி ஆகணும் என்பது என் கருத்து. பிரசவ வார்டைப் பார்க்கிறவங்கதான் சரியான கேள்வியைக் கேட்க முடியும்.

8) நீங்களும் கேளுங்க. என்கிட்டயும் கேளுங்க: "டாக்டர், இது ஒரு ஆய்வுங்களா, எல்லா ஆய்வுமுங்களா?"

கோவிச்சுக்க மாட்டேனுங்க.