முப்பதாயிரம் அடியில் 'நமக்கேன் வம்பு'

பைலட் போதையில் மாட்டினார் என்று செய்தி வந்தால் கேன்டீனில் ஒரே தீர்ப்புதான். "அவனைத் தூக்கி உள்ளே போடு!" நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது எனக்கு வேறு கேள்வி இருக்கிறது. அவர் போதையில் இருந்தது வேறு யாருக்கெல்லாம் தெரியும்?

1990 மார்ச் 8. அமெரிக்காவில் ஃபார்கோவிலிருந்து மினியாபொலிஸுக்கு நார்த்வெஸ்ட் நிறுவனத்தின் போயிங் 727 கிளம்பியது. சுமார் 90 பயணிகள். காக்பிட்டில் மூன்று பேர், மூவரும் முந்தைய இரவு பாரில் மூக்குமுட்டக் குடித்தவர்கள். அந்த பாரில் இருந்த யாரோ ஒருவர் விமானத் துறைக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டார். காலையில் அதிகாரி நேரிலேயே வந்தார். அப்படியும் விமானம் கிளம்பிவிட்டது! இறங்கிய பிறகுதான் கைது. கேப்டனுக்கு 16 மாதம் சிறை, மற்ற இருவருக்கும் 12 மாதம்.

நல்லபடியாகத் தரையிறங்கியது அதிர்ஷ்டம். என் கோபம் அதில் இல்லை. பாரில் பார்த்த முகம் தெரியாத ஆளுக்கு இருந்த அக்கறை, அந்த மூன்று பேரில் ஒருவருக்குக்கூட இல்லையே? "இன்றைக்கு நாம் ஓட்ட வேண்டாம்" என்று ஒருவர் வாய் திறந்திருந்தால் போதும்.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 1988 ஜனவரி 19, கொலராடோவில் டுராங்கோ அருகே ஒரு சிறிய விமானம் விழுந்தது. 17 பேரில் 9 பேர் பலி. ஓட்டியவர் துணை விமானி, கண்காணிக்க வேண்டியவர் கேப்டன். அந்தக் கேப்டன் விபத்துக்கு முன் கொக்கைன் எடுத்திருந்தது பரிசோதனையில் தெரிந்தது. அவரது திறன் குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று விசாரணை அறிக்கை சொன்னது.

இங்கே ஒரு காமர்ஸ் மாணவனாகக் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன். ஆடிட்டிங் பாடத்தில் இன்டர்னல் செக் என்று படிக்கிறோம். ஒருவர் வேலையை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். காக்பிட்டில் இரண்டு பேரை உட்காரவைப்பதன் தத்துவத்திலும் அது உண்டு. சரிபார்ப்பவரே மயங்கியிருந்தால் கணக்குப் புத்தகத்தில் பணம் போகும், அங்கே உயிர் போகும்.

"டெஸ்ட் வைத்தால் தீர்ந்தது" என்பார்கள். நம் நாட்டில் 2022 ஜனவரி 31 முதல் விமானிகளுக்கும் வான்வழிக் கட்டுப்பாட்டாளர்களுக்கும் போதைப்பொருள் சோதனை விதி வந்தது. ஆண்டுக்குக் குறைந்தது 10 சதவீதம் பேரை ரேண்டமாகச் சோதிக்க வேண்டும். நல்ல விதிதான், ஆனால் இது சாம்பிளிங். பத்தில் ஒருவரைச் சோதித்தால் மீதி ஒன்பது பேரை யார் பார்ப்பது? பக்கத்து சீட்டில் இருப்பவர்தான் பார்க்க முடியும். எந்த மெஷினும் அவருக்கு ஈடாகாது.

உடனே ஒரு குரல் வரும். "கூட வேலை பார்ப்பவனைக் காட்டிக்கொடுப்பதா? எட்டப்பன் வேலை!" ஐயா, எட்டப்பன் என்று நாம் திட்டுவது, நம்பியவர்களைக் காட்டிக்கொடுத்தார் என்பதற்காகத்தானே? இங்கே நம்பி ஏறியவர்கள் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். வாயை மூடிக்கொண்டிருப்பவர்தான் அவர்களைக் காட்டிக்கொடுக்கிறார்.

ஆனால் மௌனத்துக்கு நிர்வாகமும் பொறுப்பு. சொன்னால் வேலை போகும் என்றால் எவன் சொல்வான்? 2015 மார்ச் 24-ல் ஜெர்மன்விங்ஸ் விமானத்தைத் துணை விமானியே ஆல்ப்ஸ் மலையில் மோதினார். 150 பேர் பலி. அவருக்கு மனநோய் இருந்தது சிகிச்சை கொடுத்த மருத்துவர்களுக்குத் தெரியும், விமான நிறுவனத்துக்குத் தெரியாது. நோயாளியின் ரகசியத்தை எந்தக் கட்டத்தில் மீறலாம் என்று ஜெர்மன் விதிகளில் தெளிவில்லை என்றது பிரெஞ்சு விசாரணை அறிக்கை. பறக்கும் தகுதியை இழந்துவிடுவோம் என்ற பயம், வருமானம் போனால் ஈடுகட்டக் காப்பீடு இல்லாதது, இவற்றையும் அது சேர்த்தே சொன்னது. காப்பீடு! நாம் பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிற விஷயத்தின் பின்னால் 150 பிணங்கள்.

வழி இல்லாமல் இல்லை. குடிப்பழக்கத்தில் சிக்கிய விமானிகளுக்கு சிகிச்சை கொடுத்து, கண்காணித்து, மறுபடி வேலைக்கு அனுப்பும் ஹிம்ஸ் திட்டம் அமெரிக்காவில் 1970-களிலேயே வந்துவிட்டது. சிறை சென்ற அந்த நார்த்வெஸ்ட் கேப்டனும் குடியை விட்டு, உரிமங்களை மறுபடி வாங்கி, அதே நிறுவனத்தில் விமானம் ஓட்டினார். 2001-ல் அதிபர் கிளிண்டன் அவருக்கு மன்னிப்பும் கொடுத்தார். முன்கூட்டியே தானாக வந்து சொன்னால் சிகிச்சை, மறைத்து மாட்டினால் சிறை. இந்த இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் வாய் திறக்கும்.

இவ்வளவு பேசும் நான் யோக்கியனா? போன தீபாவளிக்கு ஊருக்குப் போன இரவு பஸ்ஸில் டிரைவர் பக்கம் நெடி அடித்தது. ஏறும்போதே தெரிந்தது. முன் சீட்டில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிவிட்டேன். ஊர் வந்து சேர்ந்தோம், அதனால் இதை எழுதுகிறேன்.

ஒருவேளை சேராமல் போயிருந்தால் செய்தித்தாளில் டிரைவர் பெயர் மட்டும்தான் வந்திருக்கும். என் பெயர் வந்திருக்காது. அதுதான் உறுத்துகிறது.