பூட்டு இருக்கிறது, பூட்டுவதற்குப் பட்டம் வேண்டுமா?

ரந்தாவ் தோட்டத்து உறவுகளே!

அந்தக் காலத்தில் நம் தாத்தாவுக்கு வந்த கடிதம் தோட்ட ஆபீஸ் வழியாகத்தான் வந்தது. கிராணி கையில் பட்ட பிறகே நம் கைக்கு. ஆனாலும் உறை ஒட்டியிருந்தது. பிரித்தால் தெரிந்துவிடும்.

இன்று? ஐசி நகல், இபிஎஃப் கணக்கு, சம்பளச் சீட்டு, வீட்டு வழக்குப் பத்திரம் எல்லாவற்றையும் மின்னஞ்சலில் அனுப்புகிறோம். வழியில் பூட்டு இருக்கலாம். ஆனால் மின்னஞ்சல் நிறுவனத்தின் கணினியில் அது அவர்கள் படிக்கக்கூடிய கடிதமாகவே கிடக்கிறது. கடவுச்சொல்லைத் திருடியவனும் படிப்பான். பிரித்த அடையாளமே தெரியாது!

பூட்டே இல்லையா? இருக்கிறது. அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கும்படி செய்யும் பிஜிபி மென்பொருளை அமெரிக்கரான பில் சிம்மர்மேன் 1991-லேயே இலவசமாகக் கொடுத்தார். பயன் என்ன? அமெரிக்காவில் மின்னஞ்சல் பழகிய 12 பேரிடம் அதைக் கொடுத்து, 90 நிமிடமும் தந்து பார்த்தார்கள். 1999-இல் வெளிவந்த அந்த ஆய்வில் பெரும்பாலோர் தோற்றார்கள். சிலர் ரகசியத்தைப் பூட்டாமலே அனுப்பிவிட்டார்கள்!

அப்படியிருக்க, "தோட்டத்து ஆளுக்குக் கணினி தெரியாது" என்று நம் தலையில் பழி போடுவது என்ன நியாயம்? குற்றம் பால்மரம் சீவிய கையில் இல்லை. பூட்டைச் செய்தவன் கையில் இருக்கிறது.

எளிதாக்க முடியாது என்பதும் பொய். 2016 ஏப்ரலில் வாட்ஸ்அப் நூறு கோடிப் பேரின் செய்திகளுக்குத் தானாகவே பூட்டுப் போட்டது. நம் பாட்டி எந்தச் சாவியையும் தேடவில்லையே! மின்னஞ்சலுக்குப் பல நிறுவனங்கள் ஒத்துப்போக வேண்டுமாம். ஒத்துப்போகட்டும்! விளம்பரம் விற்கத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாதா?

மின்னஞ்சல் நிறுவனங்களே, பூட்டைத் தானாக விழும்படி செய்யுங்கள். தமிழிலும் மலாயிலும் விளக்குங்கள்.

நம் இயக்கங்களே, சங்கங்களே, உங்களையும் கேட்கிறோம். தொழிலாளியின் ஐசி நகலைச் சாதாரண மின்னஞ்சலில் அனுப்பச் சொல்வதை இன்றே நிறுத்துங்கள். உரிமைக்குப் போராடுகிறவர்களே நம் ரகசியத்தைத் தெருவில் வைக்கலாமா?

உறவுகளே, அதுவரை பத்திரங்களை வாட்ஸ்அப்பிலோ சிக்னலிலோ அனுப்புங்கள். அதற்கு முன் போன் போட்டு எண் சரிதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மின்னஞ்சல்தான் வேண்டும் என்றால், இருவரும் புரோட்டான் மெயில் வைத்திருந்தால் பூட்டு தானாகவே விழும். பிள்ளைகளைக் கேளுங்கள், செய்து தருவார்கள்.

ஒட்டிய உறை நம் தாத்தாவுக்குக் கிடைத்தது. பேரனுக்கு அதுகூட இல்லையா?